பில்லில் கழியாத பணம்

"கேஷ்பேக் போக இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறுதான் வரும் அண்ணாச்சி."

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தாலும் இப்போது விலை இப்படித்தான் காதில் விழுகிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பில்லில் எவ்வளவு போடுவீங்க? 32,000 என்று பதில் வந்தால், அந்த ஃப்ரிட்ஜின் விலை 32,000. மீதி 2,500 பின்னால் வரலாம், வராமலும் போகலாம். வரும்வரை அது நம் பணம் கிடையாது.

பொங்கல், ஆடி, தீபாவளி முடிந்து ஒரு மாதம் ஆனதும் எங்கள் தெருவில் இரண்டு பேராவது பில்லைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். "கேஷ்பேக் வரல, என்னன்னு பாருங்களேன்." நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். தாள்களைக் கோத்து, மனு எழுதி, பதில் வருகிறதா என்று காத்திருப்பது பழகிப்போன வேலை. அதனால் வருகிறார்கள். இப்படிப் பலரின் தாள்களைப் பார்த்த பிறகு, இந்தப் 'பிறகு தருகிறோம்' பணம் வாங்குகிறவருக்கு லாபமா என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. எந்தக் கடையில் வாங்குவது, எதை வாங்குவது என்று முடிவு செய்யும்போது அந்தப் பணத்தைச் சுத்தமாக மறந்துவிட வேண்டும். வாங்கி முடித்த பிறகு, கடைசி ரூபாய்வரை விடாமல் கேட்க வேண்டும். பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறு. அந்தப் பணத்தை நம்பிக் கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாங்கிய பிறகு அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

சிந்துபூந்துறையில் இருக்கும் என் மதினி வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜங்ஷன் முங்கியது, கைலாசபுரம் முங்கியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர். மதினி வீட்டில் ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. வாஷிங் மெஷினுக்குள் வண்டல். தண்ணீர் வடிந்த தெருவில் வீட்டுக்கு வீடு மெத்தையும் டிவியும் ஃப்ரிட்ஜும் வாசலில் கிடந்தன. அதிகம் பாதித்த தாலுகாக்களுக்கு அரசு 6,000 ரூபாய் அறிவித்து ரேஷன் கடை வழியாகக் கொடுத்தது. அடுத்த மாதமே பொங்கல். கடைகளில் கேஷ்பேக் சலுகை. ஆற்றங்கரையில் அத்தனை வீடுகளுக்கும் ஒரே சமயத்தில் ஃப்ரிட்ஜ் தேவைப்பட்டது.

மதினி வாங்கிய ஃப்ரிட்ஜுக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் திருப்பித் தரும் என்றார்கள். பதினைந்து நாளுக்குள் அவர்களுடைய வலைத்தளத்தில் பில்லின் படம், ஃப்ரிட்ஜின் சீரியல் நம்பர் தெரியும் படம், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் மூன்றையும் ஏற்ற வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். மதினி வீட்டுப் பாஸ்புக் வெள்ளத்தில் ஊறி, மை கலைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. வங்கிக் கிளையில் புதுப் பாஸ்புக்குக்கு நீளமான வரிசை. சீரியல் நம்பர் அட்டைப்பெட்டியில் பெரிதாக இருந்திருக்கும். பெட்டியை இறக்கிவைத்த பையன்களே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃப்ரிட்ஜின் மேலேயே இருக்கும் ஸ்டிக்கரில் எழுத்து எறும்பு அளவு. அண்ணன் எடுத்த படத்தில் ஃபோன் வெளிச்சம் பட்டு நம்பரில் நடு நான்கு இலக்கம் தெரியவில்லை. 'படம் தெளிவாக இல்லை, நிராகரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதை விளம்பரம் என்று நினைத்து அண்ணன் அழித்துவிட்டார்.

மதினி என்னிடம் கேட்டார்கள்: "தம்பி, பணத்த முழுசா எண்ணி அவங்ககிட்ட குடுத்தாச்சு. இப்ப நம்ம பணத்துக்கு நாமளே அவங்க பின்னாடி அலையணும்னா, இது என்ன நியாயம்?"

இந்தக் கேள்விக்கு நானும் பல நாள் பதில் தேடியிருக்கிறேன். பணம் கடைசியில் வந்தது. கம்பெனிக்கு மின்னஞ்சல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு புகார், அதற்குப் பிறகு. ஆனால் அதே தெருவில் அதே ஃப்ரிட்ஜை வாங்கிய எல்லோருக்கும் மின்னஞ்சல் எழுத ஆள் இருந்ததா? யார் வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் நனைந்து போயிருந்ததோ, யாருக்கு ஆங்கிலக் குறுஞ்செய்தி புரியவில்லையோ, யார் வேலைக்கு லீவு போட்டு வங்கிக்குப் போக முடியாதோ, அவர்களுக்கு அது வரவில்லை. அந்த 2,500 யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் அது போய்ச் சேராமல் நிற்கிறது. எனக்கு இதில் உள்ள பெரிய ஆத்திரம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய கடையில் ஃப்ரிட்ஜ் 32,000, கேஷ்பேக் 2,500. அதே மாடல் அம்பாசமுத்திரம் பஜாரில் ஒரு சின்னக் கடையில் 30,500. கேஷ்பேக் எதுவும் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். காதில் விழும் விலைப்படி பெரிய கடையில் 1,000 ரூபாய் லாபம். ஆனால் கேஷ்பேக் பெரும்பாலும் கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ. போட்டால்தான் என்று பொடி எழுத்தில் இருக்கும். இ.எம்.ஐ. என்றதும் வங்கி 199 ரூபாய் பிராசஸிங் கட்டணம் போடுகிறது என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 235. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்பதிலும் வட்டி உள்ளே இருக்கிறது. கடையோ கம்பெனியோ அதை முன்கூட்டியே விலையில் கழித்துக்காட்டுகிறது, அவ்வளவுதான். பூஜ்ய வட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது என்ற கருத்தில் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. உண்டு, அதை யாரும் திருப்பித் தருவதில்லை. ஆறு மாதத் தவணை, 15 சதவீத வட்டி என்றால் 32,000-க்குள் வட்டி சுமார் 1,355. அதற்கு வரி 244. ஆகக் கூடுதல் செலவு 480 ரூபாய்க்குப் பக்கம்.

இப்போது பாருங்கள். கேஷ்பேக் வந்தால் நமக்கு ஆன செலவு 29,980. சின்னக் கடையைவிட 520 ரூபாய் குறைவு. வராவிட்டால் 32,480. சின்னக் கடையைவிட 1,980 அதிகம். இதே மாதிரி ஐந்து தடவை வாங்கினால் நான்கு தடவை பணம் வந்து சேர்ந்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும். அதற்கு மேல் வந்தால்தான் லாபம். ஐந்தில் நான்கு தடவை விடாமல் வாங்கிவிடுவேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் தாராளமாகப் போகலாம். அப்படிப்பட்டவர்கள் உண்டு. பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை, கார்டு ஸ்டேட்மென்ட்டில் தேதி குறித்துவைத்து, கேஷ்பேக் தருவதாகச் சொன்ன தொண்ணூறாவது நாள் காலையில் வங்கிக்கு ஃபோன் போட்டுவிடுவார். அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் அவருக்குக் கிடைக்கும் சலுகைக்கு, கேட்க மறந்த மற்றவர்களின் பணமும் கை கொடுக்கிறது.

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன, நேராக விலையைக் குறைத்தால் என்ன? அவர்கள் பக்கம் ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. டீலருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தால் டீலர் அதை வாடிக்கையாளருக்குக் கடத்தாமல் தானே வைத்துக்கொள்ளலாம். நேராக வாங்கியவர் கணக்குக்கே அனுப்பினால் அந்தச் சந்தேகம் இல்லை. பெட்டியில் அச்சான விலை குறையாது, சலுகை முடிந்ததும் விலையை ஏற்றினார்கள் என்ற பேச்சும் வராது. நம் ஃபோன் நம்பரும் அவர்கள் கைக்குப் போகிறது. எல்லாம் சரிதான். ஆனால் பலர் கேட்க மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்தே வருகிறது.

இதை அமெரிக்காவில்தான் முழு வீச்சில் செய்து பார்த்தார்கள். அங்கே வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் சொல்வார்கள். கம்ப்யூட்டர் சாமான் வாங்கினால் பெட்டியிலிருந்து பார்கோடைக் கத்தரித்து, ரசீதோடு உறையில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் காத்திருந்தால் காசோலை வரும். அனுப்பாமலே விடுகிறவர்கள், அனுப்பியும் ஒரு தாள் குறைவதால் தள்ளுபடி ஆகிறவர்கள், வந்த காசோலையை வங்கியில் போட மறக்கிறவர்கள், இவர்கள் எல்லாரும் விட்ட பணத்துக்கு அந்த வியாபாரத்தில் 'பிரேக்கேஜ்' என்று பெயரே வைத்திருந்தார்கள். 2005-இல் காம்ப்யூஎஸ்ஏ என்ற கடைத்தொடர் மீது, ரிபேட் பணத்தை உரிய காலத்தில் தரவில்லை என்று அந்த நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு பெஸ்ட் பை, இந்தத் தபால் முறையைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006-இல் ஆபீஸ்மேக்ஸ் நிறுத்தியது. வாடிக்கையாளர்கள் அவ்வளவு வெறுத்துப்போயிருந்தார்கள். ஆனாலும் முறை அடியோடு சாகவில்லை. மெனார்ட்ஸ் என்ற கட்டுமானப் பொருள் கடைத்தொடரின் 11 சதவீத ரிபேட்டுக்குப் பேர்போன ரசிகர்கள் அங்கே உண்டு. அங்கே ஓய்ந்துவரும் பழக்கம், வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு, ஃபோன் வழியாக நம் ஊருக்கு வந்திருக்கிறது.

நமக்கும் உறை போட்டு அனுப்பிய காலம் உண்டு. மேகி உறையைச் சேர்த்து அனுப்பிப் பரிசு வாங்கிய பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். 1999 உலகக் கோப்பையின்போது பிரிட்டானியா பிஸ்கட் உறையில் ரன்களைச் சேர்த்து, நூறு ஆனதும் கடையில் கொடுத்துப் புத்தகம் வாங்கிச் சுரண்டிய ஞாபகம் பலருக்கு இருக்கும். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. எப்படியும் தின்னப்போகிற பிஸ்கட். கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் கிடக்கட்டும். ஃப்ரிட்ஜில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே அந்தப் பணத்தை விலையாகவே சொல்லி விற்கிறார்கள்.

முழு விலையைக் கொடுத்துவிட்டுப் பிறகு பணம் திரும்ப வாங்குவது நமக்குப் பழக்கமானது கேஸ் சிலிண்டரில்தான். 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கச் சந்தை விலையில் சிலிண்டர், மானியம் வங்கிக் கணக்கில் என்று ஆனது. அதில் ஒரு நல்ல அம்சம்: ஒருமுறை கணக்கை இணைத்துவிட்டால் போதும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பில்லைப் படம் பிடித்து அனுப்பத் தேவையில்லை. கேட்காமலே வந்தது. அதிலும் சிக்கல் வராமல் இல்லை. 2017-இல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பேமென்ட் வங்கியில், வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே திறக்கப்பட்ட கணக்குகளுக்கு மானியம் திரும்பிப் போய், ஆதார் ஆணையம் தலையிட வேண்டியிருந்தது. 2020-க்குப் பிறகு பெரும்பாலான வீடுகளுக்கு அந்த மானியமே நின்றுபோனது. உஜ்வலா இணைப்புகளுக்கு மட்டும் 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் என்று ஆனது. பிறகு வரும் பணத்தின் குணம் இதிலும் தெரிகிறது: அது சத்தம் இல்லாமல் குறையும், சத்தம் இல்லாமல் நிற்கும். கவுண்டரில் கேட்கும் விலை 200 ரூபாய் ஏறினால் ஊரே பேசும். கணக்கில் வரும் மானியம் நின்றால் மூன்று மாதம் கழித்துத்தான் பாதிப்பேருக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் மாற்றாக எனக்கு உள்ளங்கைபோலத் தெரிந்த ஒரு முறை இருக்கிறது. கைத்தறி ரிபேட். கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கிய அமைப்பு. தீபாவளிக்கு அதன் தள்ளுபடி நம் தாத்தா காலத்திலிருந்து வீடுகளில் பழகியது; இப்போது அது 30 சதவீதம். வீரவநல்லூர் செடிபுட்டா சேலை, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதை எடுத்துப் பாருங்கள். தள்ளுபடிக் காலத்தில் 2,000 ரூபாய்ச் சேலையை எடுத்தால் பில்லிலேயே 600 கழியும், 1,400 கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். படம் எடுக்க வேண்டாம், கணக்கு எண் எழுத வேண்டாம், வாங்குகிறவர் யாருக்கும் நிரூபிக்க எதுவும் இல்லை.

அப்படியானால் அந்தத் தாள் வேலை எங்கே போனது? சங்கத்துக்கு வந்தது. அரசு ரிபேட்டில் நாங்கள்தான் விற்ற ஒவ்வொரு பில்லையும் வரிசைப்படுத்தி, பட்டியல் போட்டு, தணிக்கை முடித்துக் கைத்தறித் துறைக்கு அனுப்பி, பணத்துக்குக் காத்திருப்போம். ரிபேட் பாக்கி வரவில்லை என்பது நெசவாளர் சங்கங்களில் காலங்காலமாகப் பேசப்படும் குறை. அது தாமதமானால் நூல் வாங்கப் பணம் முடங்கும், தறிக்காரருக்குக் கூலி தள்ளிப்போகும். ஆக அங்கேயும் ஒருவர் காத்திருக்கத்தான் செய்கிறார். அதை நான் மறைக்கவில்லை. சங்கங்களுக்கு அந்தப் பணம் உடனுக்குடன் வர வேண்டும் என்று இன்றைக்கும் கேட்பேன். ஆனால் ஒன்று. சங்கத்துக்குக் கணக்கர் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது, துறைக்குப் போய் உட்கார்ந்து கேட்க உரிமை இருக்கிறது. சேலை வாங்கிய பத்தமடைப் பெண்ணுக்கு அதெல்லாம் கிடையாது. யாரிடம் கணக்கர் இருக்கிறாரோ அவரிடம்தான் தாள் வேலையை வைக்க வேண்டும். ஒரு நெசவாளர் சங்கத்தால் முடிகிற காரியம், நாடு முழுக்க ஃப்ரிட்ஜ் விற்கிற கம்பெனியால் முடியாதா?

முடியும் என்பதற்கு அவர்களுடைய சொந்த வியாபாரமே சாட்சி. கம்பெனி டீலருக்குத் தரும் ஸ்கீம் பணம் கிரெடிட் நோட்டாகப் பிறகுதான் வருகிறது. சின்னக் கடைக்காரர்களைக் கேட்டால் "எங்களுக்கே மாசக்கணக்குல நிக்கி சார்" என்பார்கள். டீலரை நம்பவில்லை என்றால், சீரியல் நம்பரைக் கடையிலேயே ஸ்கேன் செய்து அதே நிமிஷம் பில்லில் கழிக்கச் சொல்லலாம். வங்கிகள் கார்டைத் தேய்க்கும்போதே கழிக்கும் உடனடித் தள்ளுபடியைப் பல கடைகளில் செய்துகொண்டுதான் இருக்கின்றன. வழி இருக்கிறது, செய்ய மனம் வேண்டும்.

அது வரும்வரை, வாங்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பணம் தரப்போவது யார் என்று கடையிலேயே கேளுங்கள். வங்கியா, கம்பெனியா, கடையா? கடைக்காரர் "வந்துரும் சார்" என்றால், எவ்வளவு, யார், எந்தத் தேதிக்குள் என்று பில்லின் பின்னால் எழுதிக் கடை முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தப் பணத்தை மறந்துவிட்டு விலை பேசுங்கள். பில்லை அன்றைக்கே படம் பிடித்துவிடுங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் நம் ஊர் வெயிலுக்குச் சில மாதத்தில் வெள்ளைத் தாள் ஆகிவிடும். அட்டைப்பெட்டியைப் பணம் வரும்வரை பரணில் போட்டு வையுங்கள்.

வராவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பரிசு, சலுகை என்று அறிவித்துவிட்டு அறிவித்தபடி தரும் எண்ணமே இல்லாமல் நடந்துகொள்வதை முறையற்ற வணிகம் என்று பிரிவு 2(47)-இல் சொல்கிறது. வங்கி தர வேண்டிய பணம் என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே போகலாம், கட்டணம் கிடையாது. கம்பெனி என்றால் முதலில் 1915. பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருக்கட்டும், குருகிராமில் இருக்கட்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. அதாவது திருநெல்வேலியிலேயே. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

இதற்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. பணம் தருவதாகச் சொன்ன தேதி தவறிய நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஏதாவது பில் கிடந்தால் இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டாதவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தால், மனுவை நானே எழுதித் தருகிறேன்.